மஞ்சள் அம்பு இல்லாத ஊரில்

வழிகாட்டி இல்லாமல் மலையையும் கடற்கரையையும் நடந்தே பார்ப்பது அயர்லாந்தில் விடுமுறைக் கொண்டாட்டம். கொல்கத்தாவின் அலிப்பூரில் இரண்டரை நூற்றாண்டுச் சரித்திரத்தை ஒரே காலையில் நடந்து கடந்துவிடலாம். குறுக்கே நிற்பது நடைபாதைதான்.

அயர்லாந்துத் தலைநகர் டப்ளினின் தெற்கு விளிம்பில் மார்லே பூங்கா இருக்கிறது. அங்கே தொடங்கும் பாதை ஒன்று விக்லோ மலைகளில் ஏறி இறங்கி, சுமார் 130 கிலோமீட்டர் கடந்து, கார்லோ மாவட்டத்தின் க்ளோனிகல் என்ற சிற்றூரில் முடிகிறது. வழி பிரியும் இடங்களில் ஒரு கம்பம். அதில் மஞ்சள் நிறத்தில் நடந்துபோகும் மனிதனின் உருவமும் ஓர் அம்பும். அம்பைப் பார்த்து நடக்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே ஆள் வருவதில்லை.

நடை பற்றிப் பத்திரிகையில் தொடர்ந்து எழுதிவந்த ஜே. பி. மலோன் என்பவரின் கனவு இந்த 'விக்லோ வழி'. முதல் பகுதி 1980இல் திறக்கப்பட்டது. அதன்பின் அயர்லாந்தில் நெடும்பாதைகள் பெருகின. கில்லார்னியில் புறப்பட்டு, நாட்டின் மிக உயரமான சிகரத்தைத் தாங்கிய மலைத்தொடரைச் சுற்றி, அட்லாண்டிக் கடலோரத்தைத் தொட்டுவிட்டுக் கில்லார்னிக்கே திரும்பும் 'கெர்ரி வழி' 200 கிலோமீட்டருக்கும் அதிகம். மலையும் கடலும் மாறிமாறி வரும் 'டிங்கிள் வழி' இன்னொன்று.

இதை நம்பி ஒரு வியாபாரமே நடக்கிறது. பயண நிறுவனம் வரைபடத்தையும் ஒவ்வொரு நாளுக்குமான குறிப்பையும் கொடுத்துவிடும். இரவு தங்க ஊர்க்காரர் வீட்டில் ஓர் அறை, காலையில் சிற்றுண்டி. மூட்டை முடிச்சுகள் வண்டியில் அடுத்த ஊருக்குப் போய்விடும். நடப்பவர் முதுகில் தண்ணீர், மழைக்கோட்டு, மதியச் சாப்பாடு மட்டும். வழி தவறினால் வரைபடத்தைப் பார்த்து அவரே திரும்பிக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்குவது இந்தச் சுதந்திரத்தைத்தான்.

தமிழுக்கு இது புதிதா? பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் கலைஞனுக்கு வழி சொல்வதுதான் அந்த இலக்கிய வகை. அவற்றில் மலைப்பாதையை மிக நுணுக்கமாகச் சொல்வது மலைபடுகடாம். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்புக்கு எங்கே அஞ்ச வேண்டும், புனம் காப்பவர் வீசும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, கால் வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொள்வது, இரவில் எங்கே தங்குவது என்று அது வரிசையாகச் சொல்கிறது. சொன்னவன் உடன் வருவதில்லை. கேட்டவன்தான் நடக்க வேண்டும். அயர்லாந்து நிறுவனம் இன்று காகிதத்தில் தருவதும் ஏறக்குறைய இதே குறிப்புதான்.

யாருடைய நிலம்?

அயர்லாந்துப் பாதைகளின் பின்னால் வெளியே தெரியாத ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஸ்வீடனில் அடுத்தவர் நிலத்தின் வழியே நடப்பது மக்கள் உரிமை. இங்கிலாந்தில் பொதுப்பாதைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அயர்லாந்தில் அப்படிப்பட்ட பரந்த உரிமை கிடையாது. பாதை பல இடங்களில் போவது விவசாயிகளின் மேய்ச்சல் நிலத்தில். அவர் சம்மதித்தால் பாதை உண்டு, மறுத்தால் அம்பு வேறு பக்கம் திரும்ப வேண்டியதுதான்.

அந்தச் சம்மதத்தைத் தக்கவைக்க அரசு இரண்டு காரியங்கள் செய்தது. 1995இல் வந்த சட்டம், பொழுதுபோக்காக நடக்க வருபவர் தம் பாதுகாப்பைப் பெரும்பாலும் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வைத்து, நிலத்துக்காரரின் பொறுப்பைக் குறைத்தது. 2008இல் தொடங்கிய திட்டம், பாதையைப் பராமரிக்கும் விவசாயிக்கு அவர் உழைத்த நேரத்துக்குப் பணம் தருகிறது.

இந்த ஏற்பாடு ஒருமுறை நீதிமன்றத்தில் ஆட்டம் கண்டது. விக்லோ வழியில் போடப்பட்டிருந்த பழைய மரப்பலகையில் கால் தடுக்கி விழுந்த ஒரு பெண்ணுக்கு 2016இல் 40,000 யூரோ நஷ்டஈடு தரும்படி தீர்ப்பானது. இனி யார் தம் நிலத்தில் நடக்க விடுவார்கள் என்று நாடே கேட்டது. 2017இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மலையில் நடப்பவர் கீழே பார்த்து நடக்க வேண்டும் என்பது நிலைபெற்றது. பாதைகளும் பிழைத்தன.

இந்தியாவில் மலை என்றால் பெரும்பாலும் காடு. காடு என்றால் வனத்துறை. மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடமான சந்தக்பூவுக்கு (3,636 மீட்டர்) சிங்கலிலா தேசியப் பூங்கா வழியாக நடக்க வேண்டுமானால் வழிகாட்டி கட்டாயம். தமிழ்நாட்டில் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் தனியாகப் போனவர்கள் அல்ல, ஏற்பாட்டாளர்களுடன் போனவர்கள். ஆனாலும் அதற்குப் பின் மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றிலும் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் உடன் வருகிறார்கள். யானை நடமாடும் காட்டில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழங்குடி இளைஞர்களுக்கு வேலையும் கிடைக்கிறது.

ஆனால் ஒன்று தெளிவாகிறது. யாரையும் கேட்காமல், யாரும் கூட வராமல், ஒரு குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நடக்க விரும்பும் இந்தியனுக்கு மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஊருக்குள்தான். அப்படி நடக்கத் தகுந்த ஊர்களில் ஒன்று அலிப்பூர்.

குண்டு பாய்ந்த அவென்யூ

தெற்குக் கொல்கத்தாவில், ஆதி கங்கை என்ற பழைய ஆற்றுத்தடத்துக்கு மேற்கே இருக்கிறது அலிப்பூர். கர்னல் டோலி என்ற ஆங்கிலேயர் 1770களில் இந்தத் தடத்தைத் தூர்வாரிப் படகுக் கால்வாயாக்கினார். அதனால் அதற்கு 'டோலி நாலா' என்றும் பெயர். குதிரைப் பந்தய மைதானத்தின் பக்கமிருந்து ஜீரட் பாலம் வழியாகக் கால்வாயைக் கடந்தால் அலிப்பூர் தொடங்கிவிடுகிறது. முக்கியமான இடங்களையெல்லாம் சுற்றி வர நான்கைந்து கிலோமீட்டர் நடந்தால் போதும்.

பாலம் தாண்டியதும் உயிரியல் பூங்கா. 1876 ஜனவரி 1 அன்று வேல்ஸ் இளவரசர் முறைப்படி திறந்துவைத்தது. இதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளர் ராம் பிரம்ம சன்யால். அடைபட்ட விலங்குகளை வளர்ப்பது பற்றி அவர் 1892இல் எழுதிய கையேடு வெளிநாட்டு விலங்கியலாளர்களின் கவனத்தையும் ஈர்த்தது. அவர் காலத்தில், 1889இல், சுமத்ரா காண்டாமிருகம் ஒன்று இங்கே குட்டி போட்டது. 'அத்வைதா' என்ற அல்டாப்ரா பேராமை 2006 மார்ச்சில் செத்தபோது அதற்கு 250 வயது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ராபர்ட் கிளைவிடம் இருந்த ஆமை என்பது பரம்பரைப் பேச்சு. வயது உறுதிசெய்யப்பட்டதில்லை.

சற்றுத் தள்ளி, பாதிரியார் வில்லியம் கேரி 1820இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம். அந்தப் பக்கத்திலேயே வானிலை ஆய்வு மையம். 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறைக்கு முதலில் தலைமையிடமாக இருந்தது கொல்கத்தாதான். வங்காளிகளுக்கு 'அலிப்பூர் வானிலை அலுவலகம்' என்றால் நம்மவர்களுக்கு நுங்கம்பாக்கம் மாதிரி. அந்த அலுவலகத்தின் முகவரியில் உள்ள தெருப்பெயரைக் கவனிக்க வேண்டும்: டூயல் அவென்யூ. துப்பாக்கிச் சண்டைத் தெரு!

1780 ஆகஸ்ட் 17, அதிகாலை. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவரது ஆலோசனைச் சபையின் உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் இந்தப் பகுதியில் எதிரெதிரே நின்று கைத்துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். ஆட்சியை நடத்துவதில் ஆண்டுக்கணக்காக வளர்ந்த பகை. உண்மையும் கௌரவமும் இல்லாதவர் என்று பிரான்சிஸைப் பற்றி ஹேஸ்டிங்ஸ் ஆவணத்தில் எழுதியது கடைசிப் பொறி. பிரான்சிஸின் குறி தவறியது. ஹேஸ்டிங்ஸின் குண்டு பிரான்சிஸின் வலப்பக்கத்தில் பாய்ந்தது. அருகிலிருந்த பெல்வெடேர் மாளிகைக்கு அவரைத் தூக்கிச் சென்றார்கள். பிழைத்துக்கொண்டார்.

பிரான்சிஸ் டப்ளினில் பிறந்தவர். இங்கிலாந்து திரும்பிய அவர், டப்ளினில் பிறந்த இன்னொருவரான எட்மண்ட் பர்க்குக்கு ஹேஸ்டிங்ஸுக்கு எதிரான தகவல்களை அள்ளிக் கொடுத்தார். நாடாளுமன்றத்தில் நடந்த விசாரணை 1788இல் தொடங்கி 1795இல், ஹேஸ்டிங்ஸ் குற்றமற்றவர் என்ற தீர்ப்போடு முடிந்தது. அலிப்பூரில் ஹேஸ்டிங்ஸ் வாழ்ந்த வீடு இன்று பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. தொலைந்துபோன ஆவணப் பெட்டியைத் தேடி அவருடைய ஆவி இரவில் சாரட்டில் வருகிறது என்ற கதைக்கும் ஓய்வில்லை.

அயர்லாந்துத் தொடர்பு இன்னும் ஒன்று உண்டு. அலிப்பூரின் ஒரு சாலைக்குத் தாக்கரே என்று பெயர். நாவலாசிரியர் வில்லியம் தாக்கரே 1811இல் கொல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கம்பெனி அதிகாரி. 1842இல் அயர்லாந்து முழுக்கச் சுற்றிவிட்டு அதைப் பற்றி ஒரு பயண நூலே எழுதினார். இன்று அயர்லாந்து மலைகளுக்குப் புறப்படும் கொல்கத்தாக்காரர்களுக்கு அவர் முன்னோடி. அவர் போனது பெரும்பாலும் வண்டியில் என்பது வேறு விஷயம்.

தமிழ் தங்கிய மாளிகை

குண்டடிபட்ட பிரான்சிஸை ஏற்றுக்கொண்ட பெல்வெடேர், 1854 முதல் வங்காளத் துணை ஆளுநர்களின் மாளிகை. தலைநகர் டில்லிக்குப் போனதும் அதன் மவுசு குறைந்தது. சுதந்திரத்துக்குப் பின் இம்பீரியல் நூலகம் 'தேசிய நூலகம்' ஆகி, இந்த 30 ஏக்கர் வளாகத்துக்கு வந்தது. 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா ஆசாத் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். அப்போது நூலகர் பி. எஸ். கேசவன். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி இங்கே வந்து சேர வேண்டும்.

தமிழ் படித்தவர்கள் இங்கே தலை தாழ்த்த இன்னொரு காரணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை (1891–1956) வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் சுவடிகளும் இந்த நூலகத்தில் அவர் பெயரிலேயே தனித் தொகுப்பாக உள்ளன. ஜதுநாத் சர்க்கார், ஆசுதோஷ் முகர்ஜி தொகுப்புகளோடு ஒரு திருநெல்வேலித் தமிழரின் தொகுப்பு. உயிரியல் பூங்காவில் புலி பார்த்துவிட்டு ரயிலேறும் தமிழ்நாட்டுச் சுற்றுலாக்காரருக்கு இதைச் சொல்ல ஓர் அறிவிப்புப் பலகை போதும்.

2004இல் நூல்களும் வாசகர்களும் அதே வளாகத்தின் புதிய 'பாஷா பவன்' கட்டடத்துக்கு மாறினார்கள். மாளிகையைத் தொல்லியல் துறை செப்பனிட்டது. 2010இல் தரைத்தளத்தில் கதவோ ஜன்னலோ இல்லாத ஓர் அறை கண்டுபிடிக்கப்பட்டபோது புதையல், சித்திரவதைக்கூடம் என்று நகரம் பரபரத்தது. உள்ளே இருந்தது மண். கட்டடத்தைத் தாங்க யாரோ நிரப்பியது.

சிறைவாசல்

நடையின் தென்பகுதி கனமானது. அலிப்பூர் மத்தியச் சிறை 2019இல் மூடப்பட்டு, கைதிகள் வேறு சிறைகளுக்கு மாற்றப்பட்டார்கள். 2022 செப்டம்பர் 21 அன்று அது சுதந்திரப் போராட்ட அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஜவாஹர்லால் நேரு 1934இல் அடைபட்டிருந்த அறை, சுபாஷ் சந்திர போஸின் அறை, தூக்குமேடை ஆகியவற்றை இன்று யாரும் நின்று பார்க்கலாம். சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்டுக்கொன்ற மூவரில் ஒருவரான தினேஷ் குப்தா 1931 ஜூலை 7 அன்று தூக்கிலிடப்பட்டது இங்கேதான். வயது 19.

தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வருபவர்கள் தேடுவது அரவிந்தரின் அறையை. இங்கே ஒரு குழப்பம். 1908 மே மாதம் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் கைதான அரவிந்தர் ஓராண்டு இருந்த 'அலிப்பூர் சிறை', இன்று அருகிலேயே பிரசிடென்சி சிறை என்ற பெயரில் இயங்குகிறது. கைதிகள் உள்ள சிறை. நினைத்தபோது நுழைய முடியாது. வழக்கு நடந்த நீதிமன்றமும் நடந்துபோகும் தூரத்தில்தான். அரவிந்தருக்காக வாதாடியவர் சித்தரஞ்சன் தாஸ். நீதிபதி பீச்கிராப்ட், ஐ.சி.எஸ். தேர்வில் அரவிந்தரோடு எழுதி, கிரேக்க மொழியில் அவருக்கு அடுத்து வந்தவர். 1909 மே 6 அன்று அவர் அரவிந்தரை விடுவித்தார். அடுத்த ஏப்ரலில் அரவிந்தர் புதுச்சேரியில் இறங்கினார். ஆசிரமம், ஆரோவில் எல்லாவற்றுக்கும் முந்தைய அத்தியாயம் இந்தச் சில தெருக்களில் இருக்கிறது.

நடைக்கு யார் பொறுப்பு?

இவ்வளவும் நான்கைந்து கிலோமீட்டருக்குள். ஆனால் இவற்றை ஒரே கோட்டில் கோத்துக் காட்டும் மஞ்சள் அம்பு அலிப்பூரில் இல்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. நூலகம் மத்தியக் கலாசார அமைச்சகத்தின் கையில். வானிலை மையம் மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் கையில். உயிரியல் பூங்கா, அருங்காட்சியகம், கல்லூரி ஆகியவை மாநிலத்தின் வெவ்வேறு கைகளில். தோட்டம் ஒரு சங்கத்துடையது. சிறை சிறைத்துறையுடையது. நடைபாதை மாநகராட்சியுடையது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு காவலாளி உண்டு. வாசலுக்கும் வாசலுக்கும் இடைப்பட்ட தூரத்துக்குத்தான் ஆள் இல்லை. அயர்லாந்தில் நூற்றுக்கணக்கான விவசாயிகளை ஒரே பாதையில் சேர்க்க முடிந்தது. இங்கே சேர வேண்டியவை பத்துக்கும் குறைவான அலுவலகங்கள்.

அந்த இடைத்தூரம் அற்ப விஷயம் அல்ல. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைகள் காங்கிரசின் நெறிமுறை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. தடையற்ற நடைபாதை கிடைப்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

மலையில் கால் இடறினால் பொறுப்பு நடப்பவருடையது என்று அயர்லாந்து முடிவு செய்தது. நகரத்துச் சாலையில் அந்த வாதம் செல்லாது. பெயர்ந்த கல்லும், நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளும், மூடாத குழியும் இயற்கையின் ஆபத்துகள் அல்ல. அறுபது வயதுக்காரர் ஒருவர் தேசிய நூலகத்திலிருந்து அருங்காட்சியகத்துக்குப் பயமின்றி நடந்து போக முடிந்தால், அதே பாதையில் தினமும் வேலைக்குப் போகும் வீட்டுவேலைப் பெண்ணும், நீதிமன்றத்துக்கு வழக்கு நாளில் வரும் கிராமத்தாரும் போக முடியும். சுற்றுலாவுக்காகப் போடும் பாதை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

செலவும் அதிகமில்லை. பத்துப் பதினைந்து கம்பங்கள், வங்காளம், இந்தி, ஆங்கிலத்தில் நாலு வரிக் குறிப்பு, தைரியமாகத் தெருவைக் கடக்க மூன்று நான்கு இடங்கள், குடிநீர், கழிப்பறை. நூலக வாசலில் வையாபுரிப் பிள்ளைக்காகத் தமிழிலும் ஒரு வரி சேர்க்கலாம்.

நடக்கப் புறப்படுபவர்களுக்கு

• நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஏப்ரல், மே வெயிலையும் மழைக்காலத் தேங்கிய நீரையும் தவிர்க்கவும்.

• காலை ஏழு மணிக்கு ஜீரட் பாலத்தில் தொடங்கினால் போக்குவரத்து நெரிசலுக்கு முன் டூயல் அவென்யூவை அடையலாம். வடக்கிலிருந்து தெற்கே நடப்பது வசதி.

• உயிரியல் பூங்காவுக்கு வியாழக்கிழமை விடுமுறை. மற்ற இடங்களின் விடுமுறை நாள்களையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

• நூலக வளாகத்தில் நுழைய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வானிலை மையம், நீதிமன்றம், கல்லூரி, பிரசிடென்சி சிறை ஆகியவற்றை வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. சிறை, நீதிமன்றம் அருகே படம் எடுக்கும் முன் காவலரைக் கேட்கவும்.

• அருங்காட்சியகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளவும். அங்கே இரண்டு மணி நேரமாவது ஆகும்.

• தென்மேற்கே மாஜேர்ஹாட்டில் புறநகர் ரயில் உண்டு. 2024 மார்ச் முதல் மெட்ரோவும் உண்டு. கால் தாங்கினால் கிழக்கே ஆதி கங்கையைக் கடந்து காளிகாட் வரை நடக்கலாம்.